கானாவில் எந்த ஆலயத்துக்குப் போவது?

கேள்வி: நான் குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் கேத்திக்கு அருகில். வரும் ஜனவரியில் கானா நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிறிய மலையூரில், தாய்சேய் நல மையம் ஒன்றில் ஓராண்டு தன்னார்வத் தொண்டராகப் பணியாற்றச் செல்கிறேன். என்னை அனுப்பும் அமைப்பு எந்த மதத்தையும் சாராதது; பணியிடத்தில் மதப் பரப்புரை செய்ய மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்த நான் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதே இல்லை. சபைக் கமிட்டிச் செயலராக இருக்கும் அப்பா, "போகிற இடத்தில் சாட்சி சொல்ல வேண்டும்" என்கிறார். முன்பு ஆப்பிரிக்கா சென்றுவந்த தோழியோ, "ஆலயத்துக்குப் போனால் காசு கேட்டே உன்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள், பேசாமல் துணி துவைத்துக்கொண்டு வீட்டிலேயே இரு" என்கிறாள். ஊருக்குள்ளேயே ட்வி மொழியில் ஆராதனை நடக்கும் பிரஸ்பிட்டீரியன் ஆலயம் ஒன்றும், ஒரு மணி நேரப் பயணத்தில் ஆங்கில ஆராதனை நடக்கும் பெரிய ஆலயம் ஒன்றும் இருக்கின்றனவாம். போகலாமா? போனால் எங்கே போவது? பணம் கேட்டால் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

போகலாமா என்ற முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை; போகலாம். நீங்கள் கையெழுத்திட்ட அந்த ஒரு வரியின் பொருளை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பேரிடர் உதவிப் பணிகளுக்காகச் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளில் மூன்றாவது, எந்த அரசியல் அல்லது மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் அமைப்பின் வரியும் அதே கருத்தைத்தான் சொல்கிறது. உதவியை வைத்து மதத்தை வளர்க்கக் கூடாது என்பதுதான் தடையே தவிர, உதவி செய்ய வந்தவர் கும்பிடவே கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குரியது.

ஆனால் அந்த விதி ஆலய வாசலோடு முடிந்துவிடுவதும் இல்லை. அமைப்பின் பெயர் அச்சிட்ட சட்டையோடும் அடையாள அட்டையோடும் ஆலயத்துக்குப் போகாதீர்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் யாராவது குழந்தையின் கட்டியைக் காட்டினால் பரிவோடு பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை மையத்துக்கு வரச் சொல்லுங்கள். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். "அந்த ஆலயத்துக்குப் போகிறவர்களுக்குச் சீட்டு சீக்கிரம் கிடைக்கும்" என்ற பேச்சு ஒரு சின்ன ஊரில் எழுந்துவிட்டால், வேறு சபையைச் சேர்ந்த தாயும் இஸ்லாமியத் தாயும் தயங்கித் தயங்கித்தான் உங்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். கானாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு எழுபத்தோரு பேர் கிறிஸ்தவர்கள், ஏறத்தாழ இருபது பேர் இஸ்லாமியர்கள்; ஆகவே உங்களோடு பணிபுரிவோரிலும் ஓர் இஸ்லாமியராவது இருக்க வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமை மதிய வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டு ஞாயிறு காலை வேலையை அவர் ஏற்றுக்கொள்ளுமாறு முதல் வாரத்திலேயே பேசிக்கொண்டால், இருவருமே தத்தம் தொழுகைக்கு நிம்மதியாகப் போகலாம்.

இனி எந்த ஆலயம் என்ற கேள்வி. ஊருக்குள் இருக்கும் ஆலயத்துக்கே போங்கள் என்பது என் கருத்து. அதிலும் உங்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்வேன்.

கேத்திக்கு அருகில் பிறந்தவர் என்பதால் பாசல் மிஷன் என்ற பெயரைப் பாட்டி தாத்தா வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து புறப்பட்ட அந்த மிஷனரிகள் 1834-இல் மங்களூருக்கும் 1846-இல் நம் கேத்திக்கும் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்து கேத்தியில் குடியேறிய காசமேஜர் தம் உடைமையை அவர்களுக்கு எழுதி வைத்ததால்தான் இந்த மலையில் அவர்கள் வேரூன்ற முடிந்தது. அதே பாசல் மிஷன் இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே, 1828-இல், அன்று கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட கானாவின் கடற்கரையில் இறங்கிவிட்டது. முதலில் போனவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். தப்பிப் பிழைத்த ஆண்ட்ரியாஸ் ரீஸ் என்பவர் 1835-இல் கடற்கரையை விட்டு அக்குவாபெம் மலைத்தொடரிலுள்ள அக்ரோபாங் என்னும் ஊருக்கு ஏறினார். ஆனாலும் சபை உடனே வளர்ந்துவிடவில்லை. 1843-இல் ஜமைக்காவிலிருந்து கறுப்பினக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கு வந்து, வீடு கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளை வளர்த்து, ஊராரோடு ஊராராக வாழத் தொடங்கிய பிறகுதான் அது நிலைத்தது என்பது அங்குள்ளவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. கிறிஸ்டாலர் என்ற மொழியறிஞரின் உழைப்பில் ட்வி மொழியின் முழு வேதாகமம் 1871-இல் வெளிவந்தது. இன்றைய கானா பிரஸ்பிட்டீரியன் சபை அந்த வேரில் முளைத்த மரம். நீங்கள் போகவிருக்கும் ஊரின் சிறிய ஆலயமும் உங்கள் தாத்தா படித்த மிஷன் பள்ளிக்கூடமும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை என்றால், அந்த ஆலயத்தை விட்டுவிட்டு ஆங்கிலம் தேடி ஒரு மணி நேரம் பேருந்தில் போவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

மொழி புரியாதே என்பீர்கள். புரியாதுதான். நான் அங்கே பணியாற்றிய இரண்டு ஆண்டுகளில் முதல் நான்கு மாதங்களுக்குப் பிரசங்கத்தில் எனக்குப் புரிந்தவை பெயர்ச்சொற்கள் மட்டுமே. ஆனால் ஆராதனை என்பது பிரசங்கம் மட்டுமல்லவே. நம் பாமாலையில் உள்ள ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகள் பல அங்கும் ட்வியில் பாடப்படுகின்றன. முன்னிசை ஒலித்த உடனேயே உங்கள் வாய் தமிழில் அந்தப் பாட்டை எடுத்துவிடும். தாராளமாகத் தமிழிலேயே பாடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கர்த்தருடைய ஜெபத்தையும் அவர்கள் சொல்லும் வேகத்திலேயே உங்கள் மொழியில் சொல்லிக்கொள்ளுங்கள். ஆராதனை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்றைத் தொடும் நாள்களும் உண்டு. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு போவது நல்லது. மாதம் ஒருமுறை ஆங்கில ஆராதனைக்குப் போய்த் திருவசனத்தைப் புரிந்த மொழியில் கேட்டு வர மனம் ஏங்கினால் போய் வாருங்கள், அதில் குற்றமில்லை. கைப்பேசியில் நம் ஊர் ஆராதனையை நேரலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். கானா நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே காலை ஒன்பது மணிக்கு மணியடிக்கும்போது அங்கே அதிகாலை மூன்றரை.

முதல் ஞாயிறன்று உங்களை முன்வரிசையில், பெரும்பாலும் மூப்பர்களுக்கு அருகே, உட்கார வைப்பார்கள். ஒருமுறை மறுக்காமல் உட்காருங்கள்; விருந்தினர் மரியாதையை மறுப்பது நம் மலையில் எவ்வளவு மனத்தாங்கலோ அங்கும் அவ்வளவு. அடுத்த வாரம் சற்று முன்னதாகப் போய், உங்கள் வீட்டுக்காரம்மா உட்காரும் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரைக் குழந்தைகள் "ஓபுரோனி" என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர்களுக்கு உரிய அந்தச் சொல் மாநிறத் தமிழர்களுக்கும் வந்துசேரும். அந்தச் சொல் உதிர்ந்து உங்கள் பெயர் அவர்கள் வாயில் ஏறுவது, முன்வரிசையிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு நீங்கள் மாறுவதிலிருந்துதான் தொடங்கும்.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புறப்படும் முன் நீங்கள் பிறந்தது என்ன கிழமை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நட்சத்திரம் கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை! ட்வி பேசும் மக்களிடையே ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த கிழமையை ஒட்டிய ஒரு பெயர் உண்டு. சனிக்கிழமைப் பெண் அமா, ஞாயிற்றுக்கிழமைப் பெண் அகோசுவா, வெள்ளிக்கிழமைப் பெண் அஃபுவா. ஐ.நா. பொதுச் செயலராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக் குழந்தை. நாட்டின் முதல் தலைவர் குவாமே நக்ருமா சனிக்கிழமைக் குழந்தை. இதில் ஆலயத்துக்கு என்ன வேலை என்றால், காணிக்கையையே சில ஞாயிறுகளில் கிழமைவாரியாக எடுப்பார்கள். திங்கட்கிழமை பிறந்தவர்கள் என்று அழைத்ததும் அவர்கள் எழுந்து, மேளத்துக்கு ஏற்ப வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடியபடியே வரிசையாக முன்னே சென்று பெட்டியில் போடுவார்கள்; பிறகு செவ்வாய்க்காரர்கள்; கடைசியில் எந்தக் கிழமையின் தொகை அதிகம் என்று அறிவித்ததும் ஒரே சிரிப்பும் கைத்தட்டலுமாக இருக்கும். பெட்டிப் பக்கம் தலைகுனிந்து நடந்தே பழகிய நமக்கு முதல் நாள் கால் எழும்பாது. ஆட வராவிட்டாலும் பரவாயில்லை, வரிசையில் நடந்து போங்கள். வலது கையால் போடுங்கள். இடக்கை அங்கும் மரியாதையற்றதே.

இப்போது நீங்கள் அதிகம் கவலைப்படும் பணத்துக்கு வருகிறேன். உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, கேட்பார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் நம் ஆலயத்துக்கு வந்தால் நாம் என்ன செய்தோம் என்பதையும் சற்று நினைத்துப் பாருங்கள். என் சிறு வயதில் இந்த மலையில் நாங்கள் போய்க்கொண்டிருந்த ஆலயத்துக்கு ஐரோப்பியத் தொண்டர் ஒருவர் சில மாதங்கள் வந்துகொண்டிருந்தார். மிகவும் நல்ல மனிதர். மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் புதிய தகடு போட ஏற்பாடு செய்கிறேன் என்று ஆராதனை முடிவில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அன்று மாலையே மூப்பர்கள் ஏணி வைத்து ஏறி, நீள அகலம் அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுத்தார்கள். இன்னொரு பிரதி வெஸ்ட்ரி அறை அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டது. அவர் போனார், இரண்டு கடிதம் வந்தது, தகடு வரவில்லை. வரப்போகிறதே என்று சபையாரும் கைக்காசு போட்டுச் செப்பனிடாமல் பல மழைக்காலங்களைக் கழித்தார்கள். நான் செவிலியர் படிப்பை முடித்துத் திரும்பிய ஆண்டில்கூட அந்தக் காகிதம் பழுப்பேறி அங்கேயே இருந்தது.

ஆகவே கானாவில் யார் என்ன கேட்டாலும் "பார்க்கிறேன்" என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அது நயமாக மறுப்பதற்குரிய சொல். வெளிநாட்டார் வாயிலிருந்து வரும்போது கேட்பவர் காதில் அது வாக்குறுதியாகவே விழும். காணிக்கைக்குப் பக்கத்துப் பெஞ்சுப் பெண்மணி போடும் அளவே போடுங்கள். அதற்காக அந்நாட்டுப் பணமான சேடியில் சிறிய நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று தனிப்பட்ட முறையில் கேட்பவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் யாருக்கும் பணமாகக் கொடுப்பதில்லை என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். எது உண்மையான தேவை, எது புதியவரை ஆழம் பார்ப்பது என்று அதற்குள் உங்களுக்கே பிடிபடத் தொடங்கும். அதன் பின்னும் கொடுக்க விரும்பினால், பிரஸ்பிட்டீரியன் சபையில் செஷன் என்று அழைக்கப்படும் மூப்பர் குழு ஒவ்வோர் ஆலயத்திலும் இருக்கிறது. அதனிடம் கொடுத்து, உங்கள் பெயரை அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. அங்கும் அறுப்பின் பண்டிகை உண்டு, ஏலமும் உண்டு. நம் ஆலயத்தில் ஒரு கேரட் கட்டு சந்தை விலையைப் போலப் பத்து மடங்குக்குப் போவதைப் பார்த்தவர் நீங்கள். அங்கே ஒரு யாம் கிழங்கையோ வாழைத்தாரையோ மகிழ்ச்சியோடு ஏலம் கேளுங்கள். மூப்பரை முந்திப் பெரிய தொகை கேட்டுச் சபையை வாயடைக்க வைக்காமல் இருந்தால் போதும்.

அப்பா சொல்லும் சாட்சியைப் பற்றியும் ஒரு சொல். புதிதாக வருபவரை எழுந்து நின்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வது அங்கு வழக்கம். பெயர், ஊர், எந்த ஆலயத்திலிருந்து வருகிறேன் என்பது, முடிவில் "மெடாசே", அதாவது நன்றி. இதற்கு மேல் முதல் நாள் எதுவும் வேண்டாம். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகச் சபையுள்ள நாட்டுக்கு நற்செய்தியை நீங்கள்தான் கொண்டுபோகிறீர்கள் என்ற எண்ணம் அப்பாவுக்கு இருந்தால், மேலே நான் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். இன்னொன்று: ஆராதனையில் பாடும் குழந்தைகளைப் படமெடுத்து நம் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படம், "ஏழைப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்" என்ற குறிப்போடு ஏதோ ஓர் ஊரில் வலம் வந்தால் நமக்கு எப்படியிருக்கும்?

செவிலியர் என்பதால் உங்களுக்கு மட்டும் வரக்கூடிய இக்கட்டு ஒன்றுண்டு. நோய் தீர்க்கும் ஜெபங்களும் ஜெப முகாம்களும் அந்த நாட்டில் பரவலாக உள்ளன. அவற்றுள் சிலவற்றில் மனநோயாளிகள் சங்கிலியில் கட்டிவைக்கப்படுவதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2012-இல் விரிவாக வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் அந்நாடு புதிய மனநலச் சட்டத்தையும் நிறைவேற்றியது. இதைப் படித்துவிட்டு அவர்களைத் தாழ்வாக எண்ண நமக்குத் தகுதியில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் தீயில் கருகி மாண்ட 28 பேரையும் குணமாக்க வேண்டும் என்றுதான் அவர்களுடைய வீட்டார் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உங்கள் ஆலயத்தில் இப்படியெல்லாம் நடக்காமல் இருக்கலாம்; ஆனால் வலிப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடும் ஒரு பெண், ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்த பின் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஆலய முற்றத்தில் உங்களிடமே சொல்லலாம். அங்கேயே ஜெபித்தவரைப் பழிக்காதீர்கள். ஜெபத்தையும் விடவேண்டாம், மாத்திரையையும் விடவேண்டாம் என்று மட்டும் தெளிவாகச் சொல்லி, மறுநாள் மையத்துக்கு வரவழைத்து, உங்கள் மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். மனநோயாளி ஒருவர் கட்டப்பட்டிருப்பதை அறிந்தால் அதை உள்ளூர் மனநலச் செவிலியருக்கு உடனே தெரிவிக்க உங்கள் மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே போய் ஆயரோடு வாதாடுவது அந்த நோயாளிக்கு உதவாது.

இரவு முழுவதும் நடக்கும் ஜெபக் கூட்டங்களுக்கும் அழைப்பு வரும். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது; குன்னூர்க் குளிரில் வளர்ந்த உடலுக்கு அந்நோய் பழக்கமே இல்லை. நள்ளிரவில் சாலைப் பயணமும் ஆபத்தானது. இதற்கு மறுப்புச் சொல்லத் தயங்கவே வேண்டாம். மறுநாள் வேலை இருக்கிறது என்றால் அனைவரும் ஏற்றுக்கொள்வார்கள்.

திருவிருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முதல் மாதத்திலேயே அந்தக் கேள்வி எழும். தென்னிந்தியத் திருச்சபையும் கானா பிரஸ்பிட்டீரியன் சபையும் உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஐக்கியத்தில் உறுப்பினர்கள் என்பதால் தடையிருக்காது; இருந்தாலும், நீங்கள் திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்தில் பங்கேற்பவர் என்று உங்கள் ஆயரிடமிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போய், முதல் ஞாயிறுக்கு முன்பே அங்குள்ள ஆயரைச் சந்தித்துக் கொடுங்கள். அப்பாவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கமிட்டிச் செயலர் என்ற முறையில், கேத்திக்கு 1846-இல் வந்த அதே மிஷனின் வழிவந்த சபையார் எழுதுகிறோம் என்று தொடங்கி, அந்தச் சிறிய ஆலயத்தாருக்கு ஒரு பக்க வாழ்த்துக் கடிதத்தைச் சபையின் தலைப்புத்தாளில் எழுதி, முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் பணம், உதவி, திட்டம் என்ற சொற்கள் எதுவும் வராமல் நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்து உறையில் போடுங்கள்.